இருபத்தேழாம் நம்பர் ரெக்கோட்

கொக்குவிலில் இருந்துகொண்டு நான் பழைய இசைத்தட்டுகளை இணையத்தில் விற்கிறேன். பகலில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. பின்னேரங்களும் சனி ஞாயிறும் கடைக்கு. கடை என்றால் பெயர்ப்பலகையும் கிடையாது, வாசலும் கிடையாது. வீட்டுக்குள் இரண்டு இரும்பு அலுமாரிகள், ஒரு ரெக்கோட் பிளேயர், என் கைத்தொலைபேசி. கனடாவிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் இருப்பவர்கள் படத்தைப் பார்த்து எழுதுவார்கள். நான் தட்டைக் கழுவி, நிழலில் காயவைத்து, முழுவதும் ஒருதரம் போட்டுக் கேட்பேன். எந்தப் பாட்டில் இரைச்சல், எந்த இடத்தில் கீறல், உறையைக் கறையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவேன். தொலைக்காட்சிப் பெட்டி வந்த தடித்த மட்டையை வெட்டி, நடுவில் தட்டை வைத்துக் கட்டி, மதிய இடைவேளையில் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோவேன்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதில் இருக்கவில்லை. அது வந்த கதைதான் இந்தக் கடையின் கதையும்.

என் அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். எனக்கு நினைவு தெரியுமுன்னே ஐயா செத்துப்போனார். அம்மா சட்டை தைத்து எங்களை வளர்த்தா. அண்ணன் ஒரு வானொலி திருத்தும் கடையில் வேலை செய்தார். சம்பளத்தில் பாதியை அம்மாவின் கையில் கொடுப்பார், மீதியில் இசைத்தட்டு வாங்குவார். அப்படிச் சேர்த்து ஒரு பெட்டியில் அடுக்கியவை அறுபத்திரண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கிற வட்டத்தாளில் நீலப் பேனையால் ஓர் இலக்கம் எழுதி அதைச் சுற்றி ஒரு வளையம் போடுவார். பெயர் எழுதினால் வடிவு கெட்டுவிடும் என்பார்.

மின்சாரமும் இல்லாமல் பற்றரியும் கிடைக்காமல் போன காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, தன் ரெக்கோட் பிளேயரைச் சுழலவைத்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. என் கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரலும் நித்திரை தூங்கும். "சுத்து பிள்ளை, சுத்து, அந்தாள் விழப்போகுது" என்று அண்ணன் சிரிப்பார்.

எனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். போகிற அன்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "பெட்டியிலை வெயில் படாமல் பார். நிமித்தி அடுக்கு. ஒண்டுக்கு மேலை ஒண்டு வையாதை."

நான்கைந்து வருடம் கழித்துச் சண்டை கிட்ட வர, ஊரே எழும்பி நடக்க வேண்டி வந்தது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதன் கரியரில் ஒன்றைத்தான் கட்டலாம். தையல் மெசினின் தலையா, அண்ணனின் பெட்டியா என்று நின்றேன். "மெசின் இருந்தால் எங்கை போனாலும் சோறு கிடைக்கும்" என்றா அம்மா. மெசினைக் கட்டினோம். பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளி ஒரு சாக்கால் மூடினேன். அந்த முடிவில் பிழை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவு இல்லை, யன்னல் இல்லை, கட்டிலும் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் சாக்கு மட்டும் கிடந்தது.

அண்ணனின் கடிதம் பல கைமாறி வந்து சேர்ந்தது. பிரான்ஸில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருப்பதாகவும் உணவுக்கடையில் கோப்பை கழுவுவதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், "நீங்கள் ரெண்டுபேரும் சுகமோ? பெட்டி சுகமோ?" என்று கேட்டிருந்தார்.

"உள்ளதை எழுதிப் போடு" என்றா அம்மா.

எனக்கு மனம் வரவில்லை. கோப்பை கழுவுகிற மனுசனுக்கு இப்போது வேண்டாம், அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். "பெட்டி சுகம்" என்று எழுதினேன். அடுத்த கடிதத்திலும் அதையே எழுதினேன். பிறகு ரெலிபோன் வந்தது. சந்தியில் இருந்த கடைக்கு நாங்கள் போய்க் காத்திருக்க, அவர் பிரான்ஸிலிருந்து அழைப்பு எடுப்பார்.

"இருபத்தேழு இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"தூசி தட்டினனியோ?"

"ஓம்."

ஏழு வருடம் நான் ஓம் என்றேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது அண்ணனின் சிநேகிதர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தார். அண்ணன் அவரிடம் ஒரு வெறும் சூட்கேசைக் கொடுத்துவிட்டிருந்தார். தட்டுகள் உடையாமல் இருக்க உள்ளே நாலு பக்கமும் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் கேற்றடியிலேயே அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சூட்கேசை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அண்ணன் எடுத்தார். சத்தம் போடவில்லை.

"ரெக்கோட் போனது எனக்குப் பெரிசில்லை. ஊரிலை உயிரே போகுது. ஆனால் நான் ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து, அந்தப் பெட்டியை ஒண்டிலையிருந்து அறுவத்திரண்டு மட்டும் நினைச்சுப் பாத்துத்தான் படுக்கிறனான். இல்லாத பெட்டியைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறன். அதை நீ செய்திருக்கக் கூடாது."

நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, அழைப்பு இல்லை. சிநேகிதரிடம் கேட்டால், அண்ணன் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார் என்றார். பிறகு சிநேகிதரின் தொடர்பும் அறுந்தது. அம்மா இறந்தபோது என்னிடம் இருந்த பழைய நம்பருக்கு எடுத்தேன். யாரோ ஒரு பெண் எனக்கு விளங்காத மொழியில் கதைத்தாள். "அம்மா செத்திட்டா" என்று அவளிடமே தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன்.

இனிக் கடை. என் கணவரின் தமக்கையின் மகளுக்குக் கலியாணம். வாழைக்குலை வாங்க நீர்வேலிக்குப் போனோம். தோட்டக்காரர் முந்தி ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழா, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான் பாட்டுப் போடுவாராம். குலைகளை எடுத்து வைக்கும்போது கொட்டிலின் மூலையில் ஒரு தகரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இசைத்தட்டுகள். சும்மா பார்க்கத்தான் குனிந்தேன். மேலிருந்து ஐந்தாவதோ ஆறாவதோ தட்டின் நடுத்தாளில் நீல வளையம், அதற்குள் நாற்பத்தொன்று. அந்த நான்கின் வாலை அண்ணன் எப்போதும் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவார்.

தட்டை வெளியே எடுத்தேன். "இதை எனக்குத் தருவியளோ?" என்று கேட்டேன்.

"ஒண்டைமட்டும் தரேலாது பிள்ளை. எடுக்கிறதெண்டால் பெட்டியோடை எடு. எனக்கும் இடம் மிச்சம்" என்றார்.

அது எப்படி அவரிடம் வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பொருள் எந்தக் கையால் எங்கே போனது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு தட்டுக்காக இருநூறுக்கு மேற்பட்ட தட்டுகள் வாழைக்குலைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றை வைக்க இடமில்லாமல்தான் சிலவற்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். இரண்டாம் நாளே நோர்வேயில் இருந்து ஒருவர் நான்கு தட்டுகளைக் கேட்டார். அப்படித் தொடங்கியது.

அதன்பிறகு ஆட்கள் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருப்பவர் வீட்டை விற்கிறார், அலுமாரிக்குள் ரெக்கோட் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்பார்கள். நான் போவேன். முதலில் பாட்டைப் பார்க்க மாட்டேன், நடுத்தாளைத்தான் திருப்பிப் பார்ப்பேன். "உது கடையோ, களவுபோன சாமான் பிடிக்கிற பொலிஸோ?" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நாலைந்து வருடத்தில் நீல இலக்கம் போட்ட தட்டுகள் பதின்மூன்று கிடைத்தன. அவற்றை நான் விற்பனைக்குப் போடவில்லை. சூட்கேசின் பஞ்சுக்குள் வைத்தேன். அண்ணன் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் எதற்காகச் சேர்க்கிறேன் என்று என்னையே கேட்பேன். பிறகும் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் குருநகரில் ஒரு வீட்டில் சில தட்டுகள் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கடற்கரைக்குக் கிட்ட, தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தா. மூன்று தட்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கதிரையில் வைத்தா. மூன்றாவதில் இருபத்தேழு.

பெரிதாக ஒன்றும் இல்லாத ஒரு சினிமாப் பாட்டுத் தட்டுத்தான். ஆனால் அண்ணனுக்கு உயிர். ரெலிபோனில் எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பார். நான் நடந்ததையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். பெட்டி, சாக்கு, பொய், எல்லாம். அவ கடைசிவரை கேட்டா.

"என்ரை மனுசன் இதைச் சந்தையிலை, நிலத்திலை பரப்பி வித்த ஆளிட்டை வாங்கினவர்" என்றா. "எங்களிட்டை ஒரு பழைய பிளேயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, மீன் வெட்டிக்கொண்டு இதைப் போடுவார். பிறகு ஒருநாள் தொழிலுக்குப் போனவர் வரேல்லை. வள்ளமும் வரேல்லை. பிளேயர் உப்புக்காத்திலை இறுகிப்போச்சு. மற்ற ரெண்டையும் கொண்டுபோங்கோ. இதைத் தரமாட்டன்."

"இது என்ரை அண்ணையின்ரை, அம்மா."

"உங்கடை அண்ணை இருக்கிறார்தானே?"

"இருக்கிறார் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப இதை விடுங்கோ பிள்ளை."

நான் விட்டேன். நடுத்தாளைமட்டும் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவ சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றா. அந்தப் படத்தில் அவவின் இரண்டு பெருவிரல்களும் தெரியும். அதை இணையத்தில் என் கடைப்பக்கத்தில் போட்டு, கீழே "விற்பனைக்கு இல்லை" என்று எழுதினேன். எதற்குப் போட்டேன் என்று தெளிவாகச் சொல்ல முடியாது. கண்டுவிட்டேன் என்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், முகப்படம் இல்லாத ஒரு கணக்கில் இருந்து செய்தி வந்திருந்தது. பெயரும் யாருடையதோ போல் இருந்தது.

"உது இருபத்தேழு. ரெண்டாவது பாட்டிலை ஒரு இடத்திலை ஊசி நிண்டிடும். இப்பவும் நிக்குதோ?"

நான் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததும் தெரியாமல் நின்றேன். இருபது வருடம். சுகமா என்று இல்லை, நான்தான் என்று இல்லை. ஊசி நிற்கிறதா என்று ஒரு கேள்வி.

என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "நிக்கும் எண்டு எழுதன். அந்தக் கீறல் எங்கை போகப்போகுது?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அந்த இடம் நினைவிருந்தது. "ஓம், நிக்குது" என்று அடித்தும் விட்டேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டுப் பிளேயரைத் துவாயால் சுற்றி, ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன்.

அந்த அம்மா கேற்றில் நின்று என் கையில் இருந்ததைப் பார்த்தா. "திரும்பவும் கேக்க வந்தனீங்களோ?" என்றா.

"தாங்கோ எண்டு கேக்க வரேல்லை. பாட்டைக் கேக்க வந்தனான்."

விறாந்தையில் பிளேயரை வைத்து வயரைச் செருகினோம். தட்டை அவவே வைத்தா. முதற்பாட்டு இரைச்சலோடு ஓடியது. இரண்டாம் பாட்டில் அந்த இடம் வந்தபோது நான் ஊசியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஊசி நிற்கவில்லை. ஒரு சிறு தட்டல் கேட்டது, ஒரு சொல்லைத் தாண்டிக்கொண்டு பாட்டு மேலே போனது.

"முந்தி நிண்டதுதான்" என்றா அவ. "இவர் மீன்கையோடை ஓடிவந்து விரலாலை ஒரு தட்டுத் தட்டுவார். நான் பேசுவன், கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ எண்டு. தட்டித் தட்டி அந்த இடத்திலை பாதை விட்டிட்டுது போலை."

இரண்டாம் தரமும் போடச் சொன்னா. மூன்றாம் தரம் பாட்டுத் தொடங்கியதும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் என்று குசினிக்குள் போனா. பாட்டு முடியும்வரை வெளியே வரவில்லை. தேத்தண்ணியும் கொண்டுவரவில்லை. நான் கூப்பிடாமல் இருந்தேன். போகும்போது பிளேயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். என்னிடம் பழுதாகக் கிடந்த இன்னொன்றைத் திருத்துவித்து இப்போது பாவிக்கிறேன்.

அன்று மத்தியானமே அண்ணனுக்கு எழுதினேன். "நிக்கேல்லை அண்ணை. அந்த இடத்திலை ஒரு சொல்லை விட்டிட்டுப் போகுது. ரெக்கோட் என்னட்டை இல்லை. குருநகரிலை ஒரு அம்மாவின்ரை வீட்டிலை இருக்கு. அவவின்ரை மனுசன் கடலிலை போனவர். அவ தரமாட்டா, நானும் இனிக் கேக்கமாட்டன்."

நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. கந்தோரில் கோப்புக்குள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். ஐந்தாம் நாள் வந்தது.

"நீயே போய்ப் பாட்டைக் கேட்டனியோ?"

"ஓம். போய்க் கேட்டனான்."

அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது. கந்தோர்ப் படிக்கட்டில் போய் நின்று எடுத்தேன்.

"குரல் மாறிப்போச்சு உனக்கு" என்றார்.

"உங்களுக்கும்தான்."

அவர் இருமுவது கேட்டது. பின்னால் ஏதோ தண்ணீர் ஓடுகிற சத்தம், பிறகு அது நின்றது. பிறகு கேட்டார்.

"அம்மா கடைசியிலை என்னைக் கேட்டவவோ?"

ஓம் என்றால் போதும். அதைவிட இரக்கமான சொல் இல்லை. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தாரோ தெரியாது. நான் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்கேல்லை அண்ணை. கடைசி மாசம் அவவுக்கு என்னையே தெரியேல்லை. அதுக்கு முந்தி, நினைவிருந்த காலத்திலை, ஒவ்வொரு நாளும் கேட்டவ."

"ஒவ்வொரு நாளுமோ?"

யோசித்தேன். "ஒவ்வொரு நாளும் எண்டு இல்லை. கனநாள் கேட்டவ. கார்த்திகை மழை பெய்யிற நேரங்களிலை கூடக் கேட்பா, அங்கை குளிருமோ எண்டு."

அண்ணன் அழுதார். நான் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. மதிய இடைவேளை முடிந்து ஆட்கள் என்னைத் தாண்டிப் படியேறிப் போனார்கள்.

அவரைப் பற்றித் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். பிரான்ஸின் தெற்கே ஒரு சிறிய ஊர். பல வருடம் லொறி ஓட்டினார். கலியாணம் செய்து, அது நிலைக்கவில்லை. எங்கள் கடைப்பக்கத்தை அவர் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், என் கை என்று தெரியாமல். இந்த ஆள் கீறலை மறைக்காமல் எழுதுகிறாரே என்று நினைப்பாராம். இருபத்தேழைக் கண்ட பிறகுதான் யார் என்று விளங்கியதாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். அறுபத்திரண்டு தட்டுகளையும் இலக்கத்தோடு வாயால் சொல்லிச் சொல்லி என்னை எழுதவைத்தார். ஒன்றையும் மறக்கவில்லை. அந்தப் பட்டியலோடுதான் இப்போது வீடுவீடாகப் போகிறேன். கிடைத்தவற்றை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்பாதை. இங்கை எனக்குப் பிளேயர் இல்லை. உன்னட்டை இருக்கட்டும்" என்றார். கடைப்பக்கத்தில் நான் எழுதுகிறவற்றில் பிழை இருந்தால் உடனே சொல்லுவார். இசையமைத்தவரை மாற்றிப் போட்டிருக்கிறாய், உறை அந்த வருசத்துடையது இல்லை, என்று.

போன தை மாதம் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கடை நடந்த பின்னறையை ஒழித்து வெள்ளையடித்தோம். அலுமாரிகளையும் பெட்டிகளையும் விறாந்தைக்கு இழுத்தோம். கட்டில் வாங்கி, நுளம்புவலை கட்டினேன். மார்கழி நடுவில் எடுத்து, முழங்காலில் ஒப்பரேசன், இந்த முறை சரிவராது, அடுத்த வருசம் பாப்பம் என்றார். சரி அண்ணை என்றேன். ஒப்பரேசன் உண்மைதானா என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் கட்டிலும் அம்மாவும் இல்லாத வீட்டுக்குள் வந்து நிற்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

விறாந்தையில் பெட்டி இடறி என் கணவர் இரண்டுதரம் விரலைக் காயப்படுத்திக்கொண்டார். "அறைக்குள்ளை திருப்பி வைப்பமோ?" என்று மெதுவாகக் கேட்டார். வைக்க மனம் வரவில்லை. காலையில் அந்த அறையின் யன்னலைத் திறந்துவிடுகிறேன், பின்னேரம் சாத்துகிறேன். பார்சல்களைச் சாப்பாட்டு மேசையில் கட்டுகிறேன்.

போன ஞாயிறு அந்தக் கட்டிலில் இருந்துகொண்டுதான் அண்ணனோடு கதைத்தேன். கதைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்தது.

"உங்கை என்ன சத்தம்?"

"ரயில், அண்ணை."

அவர் இங்கிருந்து போனபோது ரயில் ஓடவில்லை. கொஞ்சக் காலத்தில் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். பிறகு புதிதாகப் போட்டது அவருக்குச் செய்தியாகத்தான் தெரியும்.

"யன்னலை ஒருக்காத் திற" என்றார்.

திறந்து, தொலைபேசியைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.